உளிக்கும் தூரிகைக்கும் உபகாரச் சம்பளம் வேண்டும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தொழிலாளி வீட்டிலும் விவசாயக் கூலி வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை மேலே என்ன படிக்க வைப்பது? பணத்துக்கு எங்கே போவது? நர்ஸ் படிப்பு என்பார் ஒருவர். ஐ.டி.ஐ. போதும் என்பார் இன்னொருவர். பி.காம். படித்தால் கணக்கு எழுதியாவது பிழைக்கலாம் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இந்தப் பேச்சில் ஒரு படிப்பின் பெயர் மட்டும் வருவதேயில்லை. ஓவியம், சிற்பம் என்று கல்லூரியில் ஒரு படிப்பு உண்டு, அதற்கும் பட்டம் உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தப் படிப்புக்கு ஏற்ற பிள்ளை நம் வீடுகளில் இல்லையா? இருக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் எந்த அரசாங்கப் பள்ளிக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மாட்டையும் ஏரையும் வரைந்து வைத்திருக்கும் பையன் ஒருவனாவது இருப்பான். களிமண்ணைப் பிசைந்து ஐயனார் கோயில் குதிரையைப் போலவே செய்து காட்டும் பெண் ஒருத்தியாவது இருப்பாள். வாத்தியாரும் முதுகில் தட்டிக் கொடுப்பார். பள்ளி ஆண்டு விழாவில் ஒரு டம்ளரோ தட்டோ பரிசாகக் கிடைக்கும். அத்துடன் சரி.

வீட்டுக்கு வந்தால் தகப்பன் கேட்கிறார்: "படம் போட்டால் சோறு வருமா?"

இந்தக் கேள்வியை நாம் கேலி செய்யவில்லை. கரும்பு வெட்டியும் நாற்று நட்டும் மில்லில் இரவு ஷிப்டு பார்த்தும் பிள்ளையை வளர்த்தவர் கேட்கிற கேள்வி இது. அவருக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் பணக்கார வீட்டில் இந்தக் கேள்வி எழுவதில்லை. அங்கே பிள்ளை ஓவியம் படிக்கிறது என்றால் பெருமையாகப் பேசுகிறார்கள். வர்ணமும் துணியும் வாங்கித் தருகிறார்கள். படித்து முடித்து நாலைந்து வருஷம் சும்மா இருந்தாலும் சோற்றுக்குப் பஞ்சமில்லை. திறமையில் இரண்டு பிள்ளைகளும் ஒன்றுதான். ஒரு பிள்ளைக்குப் பின்னால் பணம் நிற்கிறது, இன்னொரு பிள்ளைக்குப் பின்னால் கடன் நிற்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை ஈடு செய்வதற்குத்தான் உபகாரச் சம்பளம் என்ற ஏற்பாடே இருக்கிறது. அந்த ஏற்பாடு நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதை ரூபாய் அணா கணக்காகப் பார்த்துவிடுவோம்.

கலை யாருடைய சொத்து?

கலை என்பது பெரிய மனிதர் விவகாரம், நமக்கு எதற்கு என்று நினைக்கிற தோழர்களும் உண்டு. அவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை.

விழுப்புரம் மாவட்டத்திலே கீழ்வாலை என்ற ஊரில் பாறைகளின்மேல் சிவப்பு வர்ணத்தில் தீட்டிய சித்திரங்கள் இருக்கின்றன. சரித்திரம் எழுதப்படுவதற்கு முந்திய மனிதன் தீட்டியவை அவை. அவனுக்கு மிராசும் இல்லை, மில்லும் இல்லை. வேட்டையாடி வயிறு வளர்த்தவன், செங்காவி மண்ணைக் குழைத்துத் தான் கண்டதைப் பாறையில் எழுதிவைத்தான்.

அதே மாவட்டத்தில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் மலையைக் குடைந்து ஆக்கிய கோயில் அது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதை ஆக்கினேன் என்று ராஜா கல்வெட்டில் பெருமை அடித்திருக்கிறான். ராஜாவின் பட்டப்பெயர் கல்லில் இருக்கிறது. கல்லைக் குடைந்தவன் பெயர் இல்லை. பனைமலைக் கோயிலில் பல்லவர் காலத்து ஓவியம் ஒன்று இன்றும் மிஞ்சியிருக்கிறது. பார்ப்பவர் எல்லோரும் வியக்கிறார்கள். அந்த முகத்தைத் தீட்டியவர் யார் என்பதற்கும் பதில் இல்லை.

ஆக இந்த மண்ணில் ஓவியத்தையும் சிற்பத்தையும் உண்டாக்கிய கை உழைக்கிற கைதான். இன்றும் குயவர் வீட்டுச் சூளையிலும், தெருக்கூத்துக்காரர் முகத்து அரிதாரத்திலும், கோலம் போடுகிற பெண்களின் விரலிலும் அந்தக் கை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கைக்குப் பஞ்சமில்லை. அந்தக் கைக்குக் கல்லூரிக் கதவு திறக்கவில்லை என்பதுதான் வழக்கு.

மூன்று கல்லூரிகள், மூன்றும் வெளியூரில்

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டு வருஷத்தில் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. அதுதான் இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி. ஓவியம், சிற்பம் மட்டுமல்ல, அச்சுக்கலை, நெசவு வடிவமைப்பு, பீங்கான் வடிவமைப்பு எல்லாம் அங்கே சொல்லித் தருகிறார்கள். நெசவாளி மகனுக்கும் குயவர் மகளுக்கும் எவ்வளவு பொருத்தமான படிப்புகள் என்று பாருங்கள்! கும்பகோணத்தில் இன்னோர் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இருக்கிறது. ராஜ்ய சர்க்கார் நடத்தும் இந்த மூன்றில் ஒன்றுகூட விழுப்புரத்திலும் இல்லை, திண்டிவனத்திலும் இல்லை. விழுப்புரத்திலிருந்து சென்னை சுமார் 160 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். தினமும் போய் வந்து படிக்க முடியாது. தங்கித்தான் படிக்க வேண்டும்.

சென்னைக் கல்லூரியை நாம் அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை. 1929-இல் அதன் தலைமைக்கு வந்த முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் நாலு தொழிலாளிகள் உடம்பெல்லாம் முறுக்கேறப் பாறையைப் புரட்டுகிறார்களே, அந்த உழைப்பாளர் சிலையை ஆக்கியவர் அவரே. 1959 முதல் அது அங்கே நிற்கிறது. 1923-இல் தோழர் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன் முதலாக மே தினம் கொண்டாடிய அதே சென்னைக் கடற்கரை! மே தினத்தன்று மாலையிடப் போகிறோம், கோஷம் போடுகிறோம். அந்தச் சிலையைச் செய்த கலை பிறந்து வளர்ந்த கல்லூரியில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு நாளாவது கேட்டோமா?

சர்க்கார் தருவது எவ்வளவு?

இப்போது கணக்குக்கு வருவோம். சர்க்கார் ஒன்றுமே தரவில்லை என்று நாம் சொல்லவில்லை. தருவதைச் சொல்லிவிட்டுத்தான் தராததைக் கேட்க வேண்டும்.

ராஜ்ய சர்க்கார் 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டத்தைத் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசாங்கப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப்புதல்வன் என்ற பெயரில் அதே தொகை வந்தது. அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் தமிழில் படித்தவர்களுக்கும் இது உண்டு. ஓவியம் படித்தாலும் உண்டு, கணிதம் படித்தாலும் உண்டு. இது நல்ல காரியம். இதை வரவேற்கிறோம்.

ஆதி திராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான மேற்படிப்பு உபகாரச் சம்பளம் பழைய திட்டம். ஆதி திராவிட மாணவர்களுக்கு 1944 முதல் இருக்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் இருந்தால் கட்டாயக் கட்டணங்களும் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு படியும் கிடைக்கும். 2021-இல் ஆதி திராவிடர்களுக்குத் திருத்திய விதிகளின்படி, மருத்துவம், பொறியியல் போன்ற முதல் பிரிவுக்கு விடுதியில் தங்கினால் வருஷத்துக்கு 13,500 ரூபாய் படி. சாதாரணப் பட்டப்படிப்புப் பிரிவுக்கு விடுதியில் தங்கினால் 6,000 ரூபாய். வெளியே தங்கினால் 3,000 ரூபாய். பிற்பட்ட, மிகப் பிற்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கும் தனித் திட்டங்கள் உண்டு. சர்க்கார் விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படியை 2023-இல் மாதம் 1,100-லிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள்.

கலைக்கென்றே மத்திய சர்க்காரின் கலாசார இலாகா ஒரு உபகாரச் சம்பளம் வைத்திருக்கிறது. 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சங்கீதம், நாட்டியம், நாடகம், ஓவியம், கிராமியக் கலை எல்லாம் சேர்த்து இந்தத் தேசம் முழுவதுக்கும் 400 பேருக்குத்தான்! அதிலும் ஒரு நிபந்தனை: குருவிடமோ கலை ஸ்தாபனத்திலோ ஐந்து வருஷம் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமாம். மரக்காணம் உப்பளத் தொழிலாளியின் மகள் எந்தக் குருவிடம் ஐந்து வருஷம் பயின்றாள்? பள்ளிப் பிள்ளைகளுக்கு 1982 முதல் இன்னொரு கலாசார உபகாரச் சம்பளம் இருக்கிறது. 10 வயது முதல் 14 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே நம் கிராமத்துப் பள்ளிகளுக்கு எட்டுவதில்லை. எட்டும்போது பிள்ளைக்கு மீசை முளைத்துவிடுகிறது.

வர்ணத்துக்கும் களிமண்ணுக்கும் யார் பணம்?

இந்தத் தொகைகள் ஒரு தொழிலாளி குடும்பத்தில் என்ன பொருள்படும் என்று பார்ப்போம். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். மாதம் 1,000 ரூபாய் உதவி என்றால் மூன்று நாள் கூலி. வருஷத்துக்கு 3,000 ரூபாய் படி என்றால் மாதம் 250 ரூபாய், நாளைக்கு எட்டு ரூபாய் சொச்சம். அதில் ஒரு டீகூடக் குடிக்க முடியாது.

சரித்திரம் படிக்கிற மாணவன் புத்தகத்தை நூலகத்தில் வாங்கிப் படித்துவிடலாம். நண்பனிடம் நோட்டை இரவல் வாங்கிக் காப்பி எடுத்துக்கொள்ளலாம். ஓவியம் படிப்பவன் வர்ணத்தை இரவல் வாங்க முடியுமா? தீட்டிய வர்ணம் திரும்ப வராது. தடித்த காகிதம், தூரிகை, எண்ணெய் வர்ணம், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, அச்சுத் தகடு, மை, களிமண், பாரீஸ் சாந்து, மரம், கல், உளி. வகுப்பு நடக்கிற ஒவ்வொரு நாளும் இவை கரைந்துகொண்டே இருக்கும். ஒரு படம் கெட்டுப்போனால் இன்னொன்று தீட்ட வேண்டும். கெடுத்துக் கெடுத்துத்தான் இந்தத் தொழிலைக் கற்க முடியும். பணமுள்ள மாணவன் பத்துப் படம் கெடுத்துப் பதினோராவதில் தேறுகிறான். பணமில்லாத மாணவன் முதல் படத்தையே கெட்டுவிடுமோ என்று பயந்து பயந்து தீட்டுகிறான். மார்க் யாருக்கு வரும்?

தோழர்களே, விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இன்றுள்ள உபகாரச் சம்பளங்கள் கட்டணத்தைக் கணக்கில் எடுக்கின்றன, சோற்றை ஓரளவு கணக்கில் எடுக்கின்றன. தொழில் பொருளைக் கணக்கில் எடுப்பதில்லை. மில்லில் ஒரு தொழிலாளியை வேலைக்கு எடுத்து, கூலியும் பேசிவிட்டு, "பஞ்சை மட்டும் நீயே வாங்கி வா" என்றால் அவர் என்ன செய்வார்? நம் பிள்ளைகளை நுண்கலைக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டு அதைத்தான் சொல்கிறார்கள்.

போதாததற்குத் தாமதம் வேறு. வகுப்பு ஜூன், ஜூலையில் தொடங்குகிறது. பொருள் அன்றைக்கே வேண்டும். சான்றிதழ், ஆதார், பாங்குக் கணக்கு, சரிபார்ப்பு என்று சுற்றிச் சுற்றி உபகாரச் சம்பளம் கைக்கு வரும்போது பல சமயம் பரீட்சையே நெருங்கிவிடுகிறது. இடையில் உள்ள மாதங்களுக்குத் தகப்பன் வட்டிக்கு வாங்குகிறார். வட்டிக்காரனிடம் மாட்டிய குடும்பத்துப் பிள்ளை மூன்றாம் மாதம் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறது. "படிப்பு ஏறவில்லை" என்று ஊர் பேசுகிறது. ஏறாதது படிப்பல்ல, பணம்.

சோறு வருமா?

தகப்பனின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வரும் என்று மழுப்பிவிட்டுப் போவதற்கில்லை.

நுண்கலை படித்தவர்களுக்கு வேலைகள் உண்டு. துணி வடிவமைப்பு, அச்சகம், பத்திரிகை, சினிமா, கார்ட்டூன் படம், அருங்காட்சியகம், பழைய ஓவியங்களைப் பாதுகாப்பது என்று பல துறைகளில் அவர்கள் தேவைப்படுகிறார்கள். ஆனால் ஏழைப் பிள்ளைக்கு மிக அருகில் இருக்கிற வேலை பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர் வேலை. அந்த வேலையைச் சர்க்கார் என்ன செய்தது? 2012-இல் ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்வி சொல்லித் தர 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்தினார்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய்! பிறகு போராடிப் போராடித்தான் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்கில் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. ஓவிய வாத்தியாரையே கூலிக்காரனாக வைத்திருந்தால், எந்தத் தகப்பன் பிள்ளையை ஓவியம் படிக்க அனுப்புவார்? ஆகவே உபகாரச் சம்பளக் கோரிக்கையும் ஓவிய ஆசிரியர் வேலைக் கோரிக்கையும் வேறு வேறல்ல.

படித்து முடித்தவர்கள் பட்ட கஷ்டமும் நமக்குத் தெரியாததல்ல. 1966-இல் சென்னைக் கலைக் கல்லூரியின் தலைவராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சார்ந்த ஓவியர்களும் சேர்ந்து கடற்கரையோரம் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தார்கள். நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? துணியில் மெழுகு ஓவியம் தீட்டியும் கைத்தொழில் பொருள்கள் செய்தும் விற்று, கூட்டாகச் சேர்த்துத்தான் சமாளித்தார்கள். ஒன்றுபட்டால் பிழைக்கலாம் என்பதை அவர்களும் நிரூபித்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் கலைஞன் தலையிலேயே கட்டிவிட்டுச் சர்க்கார் ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே, வேலையில்லாத் திண்டாட்டம் முற்றியபோது 1935-இல் சர்க்கார் ஆயிரக்கணக்கான ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பொதுக் கட்டிடங்களில் சித்திரம் தீட்டச் சொன்னது. 1943 வரை அந்த ஏற்பாடு நடந்தது. பக்கத்துக் கேரளத்தில் திருவனந்தபுரம், மாவேலிக்கரை, திருச்சூர் ஆகிய ஊர்களில் அரசு நுண்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்குள்ள லலித கலா அகாடமி நுண்கலை மாணவர்களுக்கென்றே உபகாரச் சம்பளம் தருகிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

வங்காளத்தில் ராம்கிங்கர் பைஜ் என்ற சிற்பி இருந்தார். 1906-இல் பாங்குராவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சுதந்திரப் போராட்டத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்த அந்த வாலிபனை, பத்திரிகையாசிரியர் ராமானந்த சாட்டர்ஜி கண்டு 1925-இல் சாந்திநிகேதனத்துக்கு அழைத்துப்போனார். அந்தப் பையன் பிற்பாடு செய்த சிலைகளில் ஒன்று, மில் சங்கு ஊதியதும் வேலைக்கு ஓடுகிற சந்தால் தொழிலாளிகள். 1956-இல் செய்தது. விலையுயர்ந்த வெண்கலத்தில் அல்ல, சிமெண்டிலும் செம்புறைக்கல் ஜல்லியிலும் செய்தார். மில் சங்கின் அர்த்தம் தெரிந்த கைதான் அதைச் செய்ய முடியும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ராமானந்த சாட்டர்ஜி அந்த வழியாகப் போகாமல் இருந்திருந்தால்? ஒரு பிள்ளையின் வாழ்வு, நல்ல மனிதர் ஒருவர் வழியில் வந்து சேர்வதை நம்பி இருக்கலாமா? நம் பிள்ளைகள் தருமத்தை எதிர்பார்க்கவில்லை. உரிமையைக் கேட்கிறார்கள்.

குலத் தொழில் வேறு, கல்லூரிப் படிப்பு வேறு

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கைத்தொழிலுக்கு உதவுகிறோம் என்ற பெயரில், குயவர் மகன் குயவராகவே, தச்சர் மகன் தச்சராகவே இருக்கட்டும் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. 1953-இல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த கல்வித் திட்டத்தைத் தமிழ் மக்கள் குலக்கல்வி என்றே அழைத்தார்கள், எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜ் வந்ததும் அது கைவிடப்பட்டது. 2023-இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில், குடும்பத்தில் வழிவழியாகச் செய்துவரும் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. தமிழ்நாடு சர்க்கார் 2024-இல் அதை அப்படியே ஏற்க மறுத்தது சரியே.

நாம் கேட்பது அதற்கு நேர் எதிரானது. குயவர் மகள் விரும்பினால் பீங்கான் வடிவமைப்பில் பட்டம் பெறட்டும். விரும்பாவிட்டால் டாக்டருக்குப் படிக்கட்டும். பண்ணையாள் வீட்டில் பிறந்த பையன், உளியையே பார்த்திராதவன், சிற்பியாகட்டும். எந்த ஜாதியில் பிறந்தாலும் எந்தக் கலையையும் கற்கலாம் என்பதற்கு மற்றொரு பெயர்தான் கல்லூரி. அதைக் காசுள்ளவனுக்கு மட்டும் என்று ஆக்கினால், குலக்கல்வி வாசல் வழியாகப் போய்ப் புழக்கடை வழியாகத் திரும்பி வந்துவிடும்.

நமது கோரிக்கைகள்

சர்க்கார் செய்ய வேண்டியது என்ன? தெளிவாகச் சொல்கிறோம்.

ஒன்று: அரசு நுண்கலைக் கல்லூரிகளிலும் சிற்பக் கல்லூரியிலும் படிக்கும் தொழிலாளி, விவசாயத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும், மற்ற உபகாரச் சம்பளங்களுக்கு மேலாகத் தனியே பொருட்படி தர வேண்டும். வர்ணமும் களிமண்ணும் கல்லும் கல்லூரியே வாங்கி இலவசமாக வழங்கினாலும் சரி.

இரண்டு: முதல் தவணை வகுப்பு தொடங்கும் மாதத்திலேயே கையில் இருக்க வேண்டும்.

மூன்று: ஆதி திராவிட, பழங்குடி மாணவர்களுக்கான படியில் ஓவியத்தையும் சிற்பத்தையும் கீழ்த்தட்டில் வைக்கக் கூடாது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் உள்ள முதல் பிரிவிலேயே வைக்க வேண்டும்.

நான்கு: சென்னையிலும் கும்பகோணத்திலும் மாமல்லபுரத்திலும் வெளியூர்ப் பிள்ளைகள் அனைவருக்கும், முக்கியமாகப் பெண்களுக்கு, விடுதியில் இடம் உறுதி செய்ய வேண்டும்.

ஐந்து: மத்திய சர்க்காரின் 400 என்ற எண்ணிக்கையை உயர்த்த வேண்டும். அரசாங்கப் பள்ளியில் படித்து வந்தவருக்கு ஐந்து வருஷக் குரு நிபந்தனையைத் தளர்த்த வேண்டும்.

ஆறு: அரசாங்க உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் நிரந்தர ஓவிய ஆசிரியர் வேண்டும். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலாவது, திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலாவது நுண்கலைப் பட்டப்படிப்பு தொடங்க வேண்டும். மண்டகப்பட்டுக்கும் பனைமலைக்கும் இத்தனை அருகில் இருக்கும் ஊர்களில் அதைக் கேட்பது அதிகப்படியான ஆசை அல்ல.

இவற்றுக்குப் பணமில்லை என்று சர்க்கார் சொல்ல முடியாது. நுண்கலை படிக்கிறவர்கள் லட்சக்கணக்கில் இல்லை. ஒரு ராஜ்யத்தின் வரவு செலவில் இந்தச் செலவு கடலில் ஒரு கைப்பிடி உப்பு. பணம் இல்லாததல்ல காரணம். கேட்கிற குரல் இல்லாததே காரணம்.

நாம் செய்ய வேண்டியது

குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாம். சர்க்கார் செய்யும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள தொழிற்சங்க அலுவலகங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். வருஷப் பரீட்சை முடிந்த கையோடு, கிராமத்தில் வரைகிற பிள்ளை யார், மண்ணைப் பிசைகிற பிள்ளை யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். வருமானச் சான்று, ஜாதிச் சான்று, பிள்ளையின் பெயரில் ஆதார் இணைத்த பாங்குக் கணக்கு ஆகியவற்றை மே மாதத்துக்குள் தயார் செய்யச் சொல்லுங்கள். சான்றிதழுக்கு அலைகிற தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். படித்த வாலிபத் தோழர் ஒருவர் இ-சேவை மையத்துக்கு உடன் போனால் அந்தக் கூலி மிச்சம். மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பம் சேர்ந்த கல்லூரி மூலமாகத்தான் போகும், அதைத் தவறவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். நுண்கலைக் கல்லூரியில் சேர வரைந்து காட்டும் தேர்வு உண்டு. தேர்வைப் பற்றிக் கேள்விப்படாமலே தோற்றுப்போகிறவர்கள் நம் பிள்ளைகள். நம் ஊர்ச் சுவரெழுத்துத் தோழர்களும் ஓவிய வாத்தியார்களும் கோடை விடுமுறையில் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும், பிள்ளை தெம்போடு போய் உட்காரும்.

நமது சங்கங்களுக்கும் இதில் காரியம் உண்டு. கணினியில் அச்சடித்த பதாகை வந்த பிறகு, சுவரில் எழுதிப் பிழைத்த ஓவியர்கள் எத்தனை பேர் தூரிகையைப் போட்டுவிட்டு வேறு கூலிக்குப் போனார்கள் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். மாநாட்டு முகப்புக்கும் ஊர்வலச் சித்திரத்துக்கும் அவர்களை அழைத்து வேலை கொடுப்போம். அவர்கள் கையில் பயிலும் பையன்கள் நாளைக்குக் கல்லூரிக்குப் போவார்கள்.

மண்டகப்பட்டில் கல் குடைந்தவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் பெயரைக் கல்லில் வெட்ட அன்றைக்கு யாரும் இல்லை. இன்றைக்கு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் பெயர் அப்பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. அவன் தகப்பன் பெயர் நமது சங்கத்தின் உறுப்பினர் புத்தகத்தில் இருக்கிறது. இந்தப் பெயரும் காணாமற் போக விடலாமா?

விடக் கூடாது. பட்டியலைத் தயார் செய்யுங்கள். கோரிக்கை மனுவில் கையெழுத்து வாங்குங்கள். கலெக்டர் அலுவலகத்தின் வாசலுக்கு அதை எடுத்துச் செல்லுவோம். அடுத்த ஜூனில் எழும்பூருக்குப் போகிற ரயிலில், கையில் வர்ணப் பெட்டியோடு நம் பிள்ளைகளும் ஏறட்டும்!